கை மட்டும் தெரிந்த படம்

ஸ்டூடியோ அக்காவுக்கு வாய் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். "வாய் மட்டும் இல்லேன்னா இந்தக் கடைக்கு எப்பவோ பூட்டு போட்டிருப்பாங்க" என்பாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கடை. முன்னால் கண்ணாடிக்குள் கல்யாண ஜோடிகள், குப்புறப் படுத்துத் தலை தூக்கும் குழந்தைகள். உள்ளே ஒரு ஸ்டூல், பின்னால் வெள்ளைத் திரை, இரண்டு பக்கமும் குடை வைத்த விளக்குகள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வருகிறவர்களை அவள் படுத்தும் பாடு அந்தத் தெருவுக்கே தெரியும். "முகவாயைத் தூக்கு. தோளை இறக்கு. சிரிக்காதே. அதுக்காகச் செத்த மாதிரியும் இருக்காதே."

எடுப்பதைவிட வெட்டுவதில்தான் அவள் கெட்டிக்காரி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் படத்தின் ஓரத்தில் தெரியும் ஸ்விட்ச் போர்டு போகும், பக்கத்து ஆளின் முழங்கை போகும், கேட்டால் மாமியாரும் போவார். குடும்பப் படத்தோடு வந்து காதருகே குனிந்து, "அக்கா, இவங்களை மட்டும்..." என்று இழுத்த மருமகள்கள் எத்தனையோ பேர். ஒருத்தியிடமும் அவள் காரணம் கேட்டதில்லை. கூடவே இனாமாக இன்னோர் உபகாரமும் செய்வாள். யார் முகமானாலும் கேட்காமலே கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுத்துவிடுவாள்.

கட்டட வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் தூர தேசத்திலிருந்து வந்திருந்த கறுப்பு மனிதர்கள் அவளுடைய ஸ்டூலில் உட்காரும்போதுதான் தொல்லை. விளக்குகள் என்றைக்கோ வெளுத்த முகங்களுக்காகத் திருப்பி வைக்கப்பட்டவை. அவர்கள் முகம் அதில் கண்ணும் மூக்கும் புரியாமல் இருண்டு விழும். விளக்கைத் திருப்பி வைக்கலாம்தான். யார் அதற்கெல்லாம் எழுந்து போவது? "கொஞ்சம் சிரிப்பா, பல்லாவது தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள். சிரித்தார்களே, அப்புறம் என்ன தப்பு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் அவள் ஊதாக் கட்சி. அப்பா காலத்திலிருந்தே ஊதாக் கட்சி. சொந்தத் தம்பிதான் அந்த வட்டாரத்துக்குக் கட்சிச் செயலாளர். 'எந்தத் தோலுக்குள்ளும் ஒரே ரத்தம்' என்று அவர்கள் கட்சிப் பதாகையில் எழுதியிருக்கும். அந்த வாசகத்தைக் கடையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததே அவள்தான். வெறும் வாய்ப் பேச்சும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஒருவன் அந்தத் தொழிலாளிகளைப் பார்த்து மூக்கைப் பொத்தியபோது, கடையை விட்டு இறங்கிப் போய் அவனை நாலு பேர் முன்னால் கிழிகிழியென்று கிழித்தவள் அவள். ஆரஞ்சுக் கட்சியில் யாரோ ஒரு தலைவர் வெளிநாட்டுக்காரர்களை எல்லாம் பெட்டியோடு அனுப்பிவிட வேண்டும் என்று பேசிவைத்திருந்தார். அன்றிலிருந்து ஆரஞ்சுக் கொடி பிடித்த எவரைப் பார்த்தாலும் அவளுக்கு அந்தத் தலைவர் முகம்தான் தெரியும்.

அந்த ஆரஞ்சுக் கட்சியில்தான் நர்ஸ் போய்த் தேர்தலுக்கு நின்றாள்.

நர்ஸ் யாரோ எவரோ இல்லை. அடுத்த தெரு. அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இத்தனை வருஷம் பஸ்ஸை ஓட்டும்போது ஒன்றும் ஆகாதவர், நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் தடுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆனது; புண் ஆறவில்லை. ஊர்த் தர்ம மருத்துவமனையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நர்ஸ் வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கட்டு மாற்றிவிட்டுப் போவாள். நாற்றம் அடித்த நாட்களில் கட்டின பெண்டாட்டியே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் திருப்பவில்லை.

"நம்ம வீட்டுல காப்பி குடிச்சுட்டு அங்க போய் நிக்கறாளே, பாத்தீங்களா?" என்று அக்கா பொருமினாள்.

"காப்பி குடிச்சா ஓட்டு எழுதிக் கொடுக்கணுமா? அப்ப நான் இத்தனை வருஷமா குடிச்சதுக்கு உங்க கட்சிக்குத் தலைவராவே ஆயிருக்கணும்" என்றார் டிரைவர்.

"ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகுது, அவங்க சரி பண்றேன்னாங்க, நின்னுட்டேன் அக்கா" என்று நர்ஸ் அவளிடமே சொல்லியிருந்தாள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தம்பி கடைக்கு வந்து கேமராவைக் கையில் கொடுத்தான். "அவ வீடு வீடா ஓட்டுக் கேட்டுப் போறாக்கா. நீ தூரத்துல நின்னு எடு. ஏதாவது ஒண்ணு மாட்டாமலா போயிடும்?"

மாட்டியது. தெருக்கோடியில் நின்று நீள லென்ஸில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டு வாசலில் இரும்புக் கேட்டுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த கறுப்பு மனிதர் ஒருவரிடம் போய் நர்ஸ் கையை நீட்டினாள். அவர் ஏதோ சொன்னார். நர்ஸ் கேட்காமல் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்புறம் ஒரு துணியில் கையை அழுந்தத் துடைத்தாள். வெயில் கண்ணில் அடித்ததில் அவள் முகம் சுருங்கியிருந்தது. அக்கா விரலை எடுக்காமல் வரிசையாக எடுத்துத் தள்ளினாள்.

கடையில் கம்ப்யூட்டரில் போட்டு, துடைக்கிற படம் வந்ததுமே மிச்சத்தைத் திறக்காமல் தம்பி துள்ளிக் குதித்தான். "தொட்ட கையைத் துடைக்கறாக்கா! கையும் களவுமா மாட்டிக்கிட்டா!"

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, அந்தக் கட்சிப் புத்தி எங்க போகும்?" என்றாள் அக்கா. அவளுக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது. அதையும் சொல்ல வேண்டும். பொய் சொல்கிறோம் என்று நினைத்து அவள் அந்தப் படத்தைத் தொடவில்லை.

ஆனால் வெட்டினாள். இடது பக்கம் பெயிண்ட் டப்பா இருந்தது, போகட்டும். துணியின் இன்னொரு முனை அந்த மனிதரின் இடது கையில் இருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் கண் அங்கே நிற்கவில்லை. அது ஓரம், ஓரத்தை வெட்டுவது அவள் கை வழக்கம். மேலே அவர் முகம் இருந்தது. அது பாதி நிழலில் இருந்ததால் அதுவும் போனது. கடைசியில் துடைக்கிற நர்ஸும் சுருங்கிய முகமும் அந்தரத்தில் நீண்டிருந்த ஒரு கையும் மட்டும் மிச்சம்.

"கை இன்னும் கொஞ்சம் தெளிவாத் தெரியட்டும்கா. கலர் எடுபடல" என்றான் தம்பி.

எத்தனையோ முகங்களை வெளுத்துக் கொடுத்த அவள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தோலை இன்னும் கறுப்பாக்கினாள். அந்தக் கையில் ஈரமாக ஒட்டியிருந்த கறுப்பு பெயிண்ட் அந்தக் கறுப்போடு கறுப்பாகக் கலந்து காணாமல் போனது.

படம் யார் எடுத்தது என்று எங்கும் போடவில்லை. கீழே, 'தொட்ட கையைத் துடைப்பவர் உங்கள் புண்ணைத் தொடுவாரா?' என்று தம்பி எழுதினான். மறுநாள் ஊரில் எல்லார் போனிலும் அதுதான். பஸ்ஸில், சலவைக் கடையில், மருந்துக் கடையில், எங்கே பார்த்தாலும் அந்தக் கை. மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடிக் கத்தியது. நர்ஸை ஊசி போடும் அறையிலிருந்து எடுத்து, பின்னால் போர்வை அடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். விசாரணை நடக்கும், குற்றம் உண்மையானால் வேலை போகும் என்றார்கள். ஆரஞ்சுக் கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவளுக்காக ஒரு வார்த்தை பேசாமல் வேட்புமனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

தம்பி பொதுக்கூட்டம் போட்டான். அவமானப்பட்ட தொழிலாளி என்று ஒரு கறுப்பு மனிதரை மேடையில் ஏற்றி, வரிசையாக எல்லாரும் கைகுலுக்கினார்கள். அக்கா அதையும் படம் எடுத்தாள். கைதட்டி விசிலடித்தவர்களில் அவளும் ஒருத்தி.

விசாரணைக்கு முந்தின நாள் காலை கடைக்கு ஒருவர் வந்தார். நெற்றிக்கு மேல் முடி நரைத்த கறுப்பு மனிதர். நகக் கண்ணில் எல்லாம் பெயிண்ட்.

"ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேணும் அக்கா."

அவள் தலையை நிமிர்த்தாமலே ஸ்டூலைக் காட்டினாள். பிறகு, காது கேட்காதவரிடம் பேசுவதுபோலச் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, "நீ... அங்க... உக்காரு" என்றாள்.

"உக்காந்துட்டேன் அக்கா. நல்லாவே கேக்குது" என்றார் அவர்.

விளக்கைப் போட்டாள். முகம் வழக்கம்போல இருண்டு விழுந்தது. "கொஞ்சம் சிரிப்பா, பல்லாவது..."

அவர் சிரிக்கவில்லை. அவளே சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"எதுக்குப் படம்? ஊருக்குப் போறியா?"

"இல்ல அக்கா. நர்ஸம்மா விசாரணையில சாட்சி சொல்லணும். மனுவுல படம் ஒட்டணும்னாங்க." அவர் தன் வலது கையைத் தூக்கி விளக்குக்கு நேரே காட்டினார். "அந்தக் கை என்னோடதுதான்."

அக்காவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "நீயா? அன்னைக்கு மேடையில ஏத்தினாங்களே, அவரு..."

"அவர் குடோன்ல மூட்டை தூக்கறவர். என் நாடே இல்ல. என்னைவிட இவ்வளவு உயரம்." தன் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினார். "எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு அவருக்கே தெரியாது. நல்லா வேலை செஞ்சதுக்குப் பரிசு குடுக்கறாங்கன்னு நினைச்சுட்டார், பாவம்."

அந்த மேடையை அவளும் படம் எடுத்தவள். முகங்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள். ஆள் மாறியது அவளுக்குத் தெரியவில்லை. கட்சியில் ஒருவருக்கும் தெரியவில்லை. காது மடல் வரைக்கும் சூடேறியது.

அவர் பொறுமையாகச் சொன்னார். அன்றைக்கு நர்ஸம்மா கையை நீட்டினாள். கையெல்லாம் பெயிண்ட், வேண்டாம் என்று அவர் சொன்னார். பரவாயில்லை, நாளெல்லாம் மருந்தில் நனைகிற கைதானே என்று அவள் பிடித்துக் குலுக்கினாள். கை நிறையப் பெயிண்ட். அவர்தான் இடுப்பில் சொருகியிருந்த துணியை எடுத்து நீட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஆஸ்பத்திரியில போய்ச் சொன்னேன். அந்தக் கை உன்னோடதுன்னு என்ன அத்தாட்சின்னு கேக்கறாங்க. படத்துல எனக்கு முகமே இல்லையே அக்கா. நான் என்னத்தைக் காட்டறது? முழுப் படம் உங்ககிட்ட இருக்கும். அதைக் குடுத்தீங்கன்னா..."

"நான் எடுத்தேன்னு யார் சொன்னது?" அக்காவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"தெருக்கோடியில நின்னீங்களே. நான் உங்களைப் பாத்துக் கையாட்டினேன். ரெண்டு தடவை வந்து போட்டோ எடுத்திருக்கேனே உங்க கடையில."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வாய் நீளமான அந்த அக்காவுக்கு அன்றைக்கு வாயில் வந்தது ஒரே ஒரு பொய். "எல்லாத்தையும் அழிச்சாச்சு."

அவர் "சரி அக்கா" என்றார். பாஸ்போர்ட் படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். போன பிறகுதான் அவள் கவனித்தாள். பழக்க தோஷத்தில் அவர் முகத்தையும் வெளுத்துக் கொடுத்திருந்தாள். நாளைக்கு அதை ஒட்டி அவர் நீட்டினால், இது நீயா என்றும் கேட்பார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நர்ஸ் வந்திருந்தாள். இத்தனை நடந்தும் டிரைவருக்குக் கட்டு மாற்ற அவள் ஒரு நாளும் தவறவில்லை. கன்னம் ஒட்டி, பாதியாக இளைத்திருந்தாள். வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தாள். ஆனால் காலை எடுத்து மடியில் வைக்கவில்லை. இரண்டு கைகளையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தொடலாமா அண்ணா?"

"என்னம்மா புதுசா? என்னைக்குக் கேட்டுட்டுத் தொட்டே நீ?" என்றார் டிரைவர் சிரித்துக்கொண்டே.

"கேட்டுக்கறது நல்லது அண்ணா" என்றாள் நர்ஸ். "யார் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு இப்பல்லாம் தெரியறதில்ல."

டிரைவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அக்கா காப்பி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய், பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பொய் சொன்ன நாக்கு என்றால் பிடுங்கி எறிந்துவிடலாம். கைக்கு என்ன செய்வது? வெட்டினது கை அல்லவா?

போனில் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், அந்தப் பெயிண்டர் வந்தாரு. நாம நினைச்ச மாதிரி இல்லடா. பெயிண்டைத்தான் துடைச்சிருக்கா."

"அக்கா, ஓட்டுப் பதிவு வரைக்கும் பேசாம இரேன்."

"அவளுக்கு வேலை போயிடும்டா."

"அவங்க கட்சி இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் பொய்யா? இது ஒண்ணு தப்பாப் போனா என்ன குடியா முழுகிடும்?"

"மேடையில ஏத்தினீங்களே, அவர் வேற ஆளாமே?"

"எவனா இருந்தா என்னக்கா? கறுப்பா இருந்தான், ஏத்தினோம்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். தம்பியைத் திட்டக்கூட அவளுக்கு யோக்கியதை இல்லை. அவன் வாயால் சொன்னதை அவள் அந்த ஸ்டூலுக்கு முன்னால் எத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்!

"நீ போய் ஏதாவது உளறினே, அப்புறம் எனக்கு அக்காவே இல்ல" என்று தம்பி அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தான்.

காலையில் நேரத்தோடு கடையைத் திறந்தாள். அழித்துவிட்டேன் என்று சொன்ன படங்கள் அழியாமல் பத்திரமாக இருந்தன. வரிசையாகத் திறந்தாள். நீட்டிய கை, குலுக்கிய கை, துணி, சிரிப்பு. கடைசிப் படத்தில் பெயிண்டர் நேராக லென்ஸைப் பார்த்து, பெயிண்ட் வழியும் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். தெரிந்தவரைப் பார்த்த சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது. அந்த முகத்தை அவள் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். ஒரு ஓரத்தையும் தொடாமல், வெளுக்காமல், கறுக்காமல், எல்லாவற்றையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டாள்.

விசாரணை பெரிய டாக்டரின் அறையில். வாசல் பெஞ்சில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார், துவைத்த சட்டையோடு. "நீங்களும் உள்ள வாங்க" என்றாள் அக்கா. அந்த 'நீங்க' அவள் வாயிலிருந்து முதல்முறையாக வந்ததை அவர் கவனித்தாரோ என்னவோ, எழுந்து பின்னால் வந்தார்.

டாக்டர் படங்களை மேஜைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெயிண்டரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ஊரெல்லாம் சுத்தின படத்தை வெட்டினது யாரு?"

"நான்தான்."

"உங்களுக்கு இந்தம்மாவைத் தெரியுமா?"

"தெரியும். எங்க வீட்டுக்காரர் காலுக்குத் தினமும் கட்டுப் போடறவங்க."

"அப்புறம் ஏம்மா?" என்றார் டாக்டர். அவர் அதட்டியிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். ஊரையே வாயால் மடக்குகிறவள், கூனிக் குறுகி மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் எழுந்து வந்து படங்களைக் குனிந்து பார்த்தாள். இருவரும் சிரிக்கிற படத்தில் அவள் கண் நின்றது. "நல்லா எடுத்திருக்கீங்க அக்கா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிடும்மா" என்றாள். பெயிண்டர் பக்கம் திரும்பி, "நீங்களும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்ற ஆட்டமா, கேட்டுக்கொண்டேன் என்ற ஆட்டமா என்று தெரியவில்லை. கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

நர்ஸின் வேலை தப்பித்தது. ஊசி போடும் அறைக்குத் திரும்பிவிட்டாள். முழுப் படத்தை அக்கா தன் பெயரைப் போட்டு, நடந்ததை எழுதி எல்லாருக்கும் அனுப்பினாள். வெட்டின படம் ஊரெல்லாம் ஓடியது. முழுப் படம் தெருவைத் தாண்டக்கூட இல்லை. பார்த்தவர்களிலும் பாதிப் பேர், ஆரஞ்சுக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டார்கள். தேர்தலில் ஊதாக் கட்சி ஜெயித்தது. தம்பி வெடி வெடித்துக்கொண்டு கடை வழியாகவே ஊர்வலம் போனான். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. கடையில் அவள் விளக்குகளைக் கழற்றித் திருப்பி வைத்து, யார் உட்கார்ந்தாலும் அந்த முகத்துக்குத் தக்கபடி எழுந்துபோய் மாற்றிக்கொண்டிருந்தாள்.

டிரைவரின் கால் ஒருவழியாக ஆறியது. கடைசிக் கட்டைப் பிரிக்க அவரைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். ஊசி அறை வாசலில் வரிசை. நர்ஸின் குரல் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. கிழவரிடம் கேட்டாள், "தொடலாமா ஐயா?" கைக்குழந்தையோடு வந்தவளிடம் கேட்டாள், "தொடலாமாம்மா?" வேலை திரும்ப வந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

டிரைவரின் கட்டைப் பிரித்து முடித்துவிட்டு நர்ஸ் அக்காவை ஏறிட்டுப் பார்த்தாள். "முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு? பிரஷர் பாத்து நாளாச்சா? உக்காருங்க."

அக்கா உட்கார்ந்து, புடவையை ஒதுக்கிக் கையை மேஜைமேல் வைத்தாள். நர்ஸ் பிரஷர் பார்க்கும் பட்டையைப் பிரித்து எடுத்தாள். பக்கத்தில் வந்தாள். அங்கேயே நின்றாள்.

"தொடலாமா அக்கா?"

கிழவரிடம் கேட்ட அதே குரல்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா பதில் சொல்லும்வரை நர்ஸ் கையை நீட்டவில்லை.